அடுப்படிக் கதவில் ஏற்கெனவே ஒரு கோட் இருக்கிறது

புதியம்புத்தூரில் தையல் மிஷின் சத்தம் கேட்காத தெருவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். தூத்துக்குடி மாவட்டம் ஓட்டப்பிடாரம் வட்டத்துக் கரிசல் காட்டுக்கு நடுவே, ரெடிமேட் துணிக்குப் பேர்போன ஊர் அது. அங்கே ஒரு பவர் மிஷின் மேசையைக் குனிந்து பாருங்கள். ஊசிக்கு அடியில் துணி தடையில்லாமல் வழுக்கி ஓட வேண்டும், நூல் பிசிறு மாட்டக் கூடாது, மிஷின் எண்ணெய் சொட்டினால் துடைத்ததும் போய்விட வேண்டும். இதற்காகவே பலகையின் மேல் மைக்கா ஷீட் ஒட்டியிருப்பார்கள். வருடக்கணக்கில் துணி உரசிய முன் விளிம்பில் ஷீட் தேய்ந்து, வெளிர் நிறத்துக்கு அடியில் காப்பிப்பொடி நிறத்தில் கோடு கோடாக அடுக்குகள் தெரியும். அத்தனையும் காகிதம்.

இதே ஷீட்தான் நம் அடுப்படிக் கதவுகளிலும் இருக்கிறது. இந்தப் பக்கத்து வீடுகளில் பெரும்பாலும் கடப்பைக் கல் தட்டு கட்டி, முன்னால் பிளைவுட் கதவு மட்டும் போட்டு, அதன்மேல் மைக்கா ஒட்டி முடித்திருப்பார்கள். கொஞ்சம் வசதியான வீடென்றால் முழு மாடுலர் கிச்சன். எதுவானாலும் பத்துப் பதினைந்து வருடத்தில் அந்த மரக்கலர் டிசைன் சலித்துப்போகிறது. பலகை நன்றாகத்தான் இருக்கிறது, கலர்தான் பிடிக்கவில்லை. ஒரு டப்பா பெயிண்ட் வாங்கி அடித்துவிட்டால் என்ன என்று தோன்றும். அடிக்கலாம். அன்றைக்குப் பளபளவென்றுதான் இருக்கும். ஆறு மாதம் கழித்து, கைப்பிடிக்குப் பக்கத்தில் நகம் பட்ட இடத்திலிருந்து வாழைப்பழத் தோல் மாதிரி உரிந்து வரும்போதுதான் விஷயம் புரியும்.

காகிதத்தால் ஆன ஷீட் என்றால் பெயிண்டை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதானே? இல்லை. அது வெறும் காகிதம் இல்லை, பிசினில் ஊறி இறுகிய காகிதம். 1907-இல் லியோ பேக்கலண்ட் ஃபீனாலையும் ஃபார்மால்டிஹைடையும் சேர்த்து பேக்கலைட் என்ற பிசினை உருவாக்கினார். 1913-இல் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் டேனியல் ஓ'கானர், ஹெர்பர்ட் ஃபேபர் என்ற இருவர், மின்சாதனங்களில் காப்புப் பொருளாக இருந்த அபிரகத்துக்கு மாற்றாக, இத்தகைய பிசினில் தோய்த்த அடுக்குப் பொருளைச் செய்து விற்க ஒரு கம்பெனி தொடங்கினார்கள். ஃபார்மைக்கா பிறந்தது அப்படி. மின்சாரப் பெட்டிக்குள் இருந்த பொருள் மேசைக்கும் சமையலறைக்கும் வந்தது பிறகுதான். இன்றைய ஷீட்டில் அடியில் பல அடுக்கு பழுப்புக் காகிதம் ஃபீனால் பிசினில் ஊறியிருக்கும். அதன்மேல் டிசைன் அச்சடித்த ஒரே ஒரு தாள், மெலமின் பிசினில் ஊறியது. மொத்தத்தையும் சுமார் 140 டிகிரி சூட்டில், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 70 கிலோவுக்கும் மேலான அழுத்தத்தில் வைத்து அமுக்குகிறார்கள். பிசின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று வலைபோலப் பின்னி இறுகிவிடுகின்றன. ஒருமுறை இறுகினால் அவ்வளவுதான். சூடு வைத்தாலும் உருகாது, தின்னர் ஊற்றினாலும் கரையாது, ஊறிக்கூட உப்பாது. 1 மில்லிமீட்டர் ஷீட்டில் காகிதத்தின் நுண்துளை ஒன்றுகூட மேலே திறந்திருக்காது.

மரத்தில் பெயிண்ட் நார்களுக்குள் இறங்கி வேர் பிடிக்கிறது. பி.வி.சி. போன்ற சில பிளாஸ்டிக்குகளில் தின்னர் மேல்பரப்பைச் சற்றே இளக்கி, பெயிண்டை உள்ளே கலக்க விடுகிறது. மெலமினில் இந்த இரண்டுமே நடக்காது. துணிக்கு வழுக்கல் கொடுத்த அதே குணம் இங்கே பெயிண்டுக்கு எதிராக நிற்கிறது.

ஆனாலும் என் கணக்கில் முதல் குற்றவாளி மெலமின் இல்லை. அது பிடிவாதக்காரன்தான், ஆனால் வழிக்குக் கொண்டுவந்துவிடலாம். உண்மையான வில்லன் அதன்மேல் உட்கார்ந்திருக்கும் எண்ணெய்ப் பிசுக்கு.

அடுப்புக்கு மேலே இருக்கும் கதவின் மேல் விளிம்பைத் தடவிப் பாருங்கள். மஞ்சளாக, விரலில் ஒட்டியும் ஒட்டாமலும், நகத்தால் சுரண்டினால் சுருண்டு வரும் ஒரு படலம். எண்ணெய் என்றால் ஏன் வழிந்து ஓடவில்லை? காரணம், அது இப்போது எண்ணெய் இல்லை, பாதி காய்ந்த பெயிண்ட். சொல் அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை, வேதியியல் அப்படித்தான். பழைய ஓவியர்கள் ஆளிவிதை எண்ணெயில் நிறப்பொடியைக் குழைத்தார்கள். அந்த எண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் இரட்டைப் பிணைப்புகள் நிறைய. காற்றிலுள்ள ஆக்சிஜன் அந்த இடங்களில் புகுந்து பக்கத்து மூலக்கூறுகளைக் கோத்துவிடும். எண்ணெய் ஆவியாகாமலே கெட்டிப்படும். கடையில் வாங்கும் சாதாரண எனாமல் பெயிண்டும் இந்த வழியில்தான் காய்கிறது.

எந்த எண்ணெய் எவ்வளவு காயும் என்பதற்கு அயோடின் எண் என்று ஓர் அளவு உண்டு. 100 கிராம் எண்ணெய் எத்தனை கிராம் அயோடினை ஏற்கிறது என்பதே அது. இரட்டைப் பிணைப்பு கூடக்கூட எண்ணும் கூடும். ஆளிவிதை எண்ணெய்க்கு 170-க்கு மேல். சூரியகாந்திக்கு 120, 130 என்று போகும். நல்லெண்ணெய்க்கு 104 முதல் 120 வரை, கடலை எண்ணெய்க்கு 90-ஐ ஒட்டி. ரேஷன் பாமாயில் 50, 60-க்குள் நின்றுவிடும். தேங்காய் எண்ணெய்க்கு 10-கூட இல்லை. வடை சட்டியிலிருந்து ஆவியோடு கிளம்பும் நுண்துளி எந்த எண்ணெயினுடையது என்பதைப் பொறுத்துக் கதவின் கதையே மாறும். தேங்காய் எண்ணெய் வீட்டுப் பிசுக்கு துடைத்தால் வந்துவிடும். சூரியகாந்தியும் நல்லெண்ணெயும் புழங்கும் வீட்டில் அது அடுப்புச் சூட்டில் வார்னிஷ் மாதிரி இறுகிக் கிடக்கும். கரிசல்காட்டு அடுப்படியில் எள்ளெண்ணெய்க்கும் கடலை எண்ணெய்க்கும் உள்ள இடத்தை யோசித்தால், நம் கதவுகளில் எந்த வகை இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இந்தப் பிசுக்கின்மேல் எனாமல் அடித்தால் அது தடையில்லாமல் பரவும், ஒட்டுவது போலவும் இருக்கும். எண்ணெயும் எண்ணெயும் ஒரே சாதிதானே. ஆனால் பிசுக்குக்கும் மெலமினுக்கும் இடையே பிடிப்பு இல்லை. ஒட்டுதல் ஆராய்ச்சியாளர் ஜேக்கப் பிக்கர்மன் 1960-களில் அழுத்திச் சொன்ன விஷயம் இது: ஒட்டிய இரண்டு பொருள்கள் பிரியும்போது, அவை சந்திக்கும் கோட்டிலேயே பிரிவது அபூர்வம், நடுவே சிக்கிய ஒரு பலவீனமான படலம்தான் கிழிகிறது. உரிந்த பெயிண்டின் பின்பக்கத்தைத் தடவினால் வழவழவென்று இருக்கும். அதுதான் சாட்சி.

தின்னரால் துடைத்தால் போதாதா? புதிய எண்ணெய் போகும். வலை பின்னி இறுகிய பகுதி கரையாது, பரவி இடம் மாறும், அவ்வளவே. அதை உடைக்கக் காரம் வேண்டும். எண்ணெயின் எஸ்டர் பிணைப்பைக் காரம் வெட்டிச் சோப்பாக மாற்றிவிடும், சோப்பு தண்ணீரோடு போய்விடும். சலவைச் சோடா போதும். ஒரு லிட்டர் வெந்நீருக்கு இரண்டு மேசைக்கரண்டி. கையுறை போட்டுக்கொண்டு, துணியை நனைத்துப் பிழிந்து கதவில் ஒற்றி, ஐந்து நிமிடம் ஊறவிட்டுத் துடைக்க வேண்டும். இரண்டு எச்சரிக்கை உண்டு. அலுமினியக் கைப்பிடியைக் கழற்றிவிடுங்கள், காரம் அதை அரித்துக் கறுக்க வைக்கும். கதவு மரத்தூள் பலகையால் ஆனதென்றால் விளிம்பில் தண்ணீர் இறங்க விடாதீர்கள், அது பொரி போல உப்பிவிடும், பிறகு எந்த பெயிண்டும் காப்பாற்றாது.

சோடா என்றதும் ஒரு கிளைக்கதை. சோடா ஆஷ் தயாரிக்கும் ஆலை புதியம்புத்தூருக்குப் பக்கத்திலேயே, தூத்துக்குடியில் இருக்கிறது. உப்பு, அம்மோனியா, கரியமில வாயு, இந்த மூன்றும்தான் அதற்கு மூலம். தூத்துக்குடியில் உப்புக்குப் பஞ்சமே இல்லை. தூத்துக்குடி ஆல்கலி கெமிக்கல்ஸ் ஆலை தன் நிலக்கரிக் கொதிகலனின் புகையிலிருந்தே கரியமில வாயுவைப் பிரித்தெடுத்துச் சோடாவாக்க ஏற்பாடு செய்தது. ஆண்டுக்கு 60,000 டன் வாயுவைப் பிடிக்கும் திட்டம் என்று 2017 தொடக்கத்தில் அது உலகச் செய்தியானது. புகைபோக்கியில் போக வேண்டியது அடுப்படிப் பிசுக்கைக் கழுவ வருகிறது என்பது எனக்குப் பிடித்த தகவல்.

கழுவியது போதுமா என்று பார்க்க, கதவில் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். முத்து முத்தாக உருண்டு நின்றால் எண்ணெயோ, ஃபர்னிச்சர் பாலிஷில் வரும் சிலிக்கோனோ இன்னும் இருக்கிறது. சிலிக்கோன் மிச்சமிருந்தால் அடித்த பெயிண்ட் அந்த இடங்களில் விலகி, அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியாக நிற்கும். தண்ணீர் தட்டையாகப் படிந்தால் மேலே போகலாம்.

கடைசியாகத் துடைக்கும் தண்ணீர் எது என்பதும் முக்கியம். இந்தப் பக்கத்துப் போர் தண்ணீரில் பல இடங்களில் உப்பு அதிகம், காய்ந்ததும் வெள்ளையாகப் பூக்கும். சோடாவே ஓர் உப்புதான். இந்த உப்பைச் சிறைவைத்து மேலே பெயிண்ட் அடித்தால், சமையல் ஆவியின் ஈரம் பெயிண்ட் படலத்தின் வழியே மெல்ல ஊடுருவி உப்பைத் தேடிப் போகும். சவ்வூடு பரவல் என்று பள்ளியில் படித்ததுதான். உள்ளே நீர் சேரச் சேரக் கொப்புளம் கிளம்பும். பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே உள்ள கதவில்தான் இது முதலில் தெரியும். அதனால் கடைசி இரண்டு துடைப்புக்கு மட்டும் குடிதண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி உப்புத்தாள். வரிசையை மாற்றக் கூடாது. முதலில் தேய்த்துப் பிறகு கழுவினால், பிசுக்கைக் கீறல்களுக்குள் நாமே திணித்ததாகிவிடும். 180 அல்லது 220 எண் தாள் போதும். மேலே இருக்கும் மெலமின் தாள் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான், அதைத் துளைத்துவிடக் கூடாது. பளபளப்பு செத்து, சுண்ணாம்பு பூசியது போல மங்கினால் நிறுத்திவிடலாம். டிசைன் வெளுத்து, பழுப்பு எட்டிப்பார்த்தால் அளவு மீறிவிட்டது என்று பொருள். மரவரி மாதிரி மேடும் பள்ளமுமாக இருக்கும் ஷீட்டில் தாள் மேட்டை மட்டும் தேய்க்கும். பள்ளத்துக்குப் பாத்திரம் தேய்க்கும் பச்சை நார்தான் லாயக்கு. கீறல்கள் சில மைக்ரான் ஆழம்தான், ஆனால் பரப்பளவு கூடுகிறது, பெயிண்ட் பக்கவாட்டில் பிடித்துக்கொள்ளவும் இடம் கிடைக்கிறது. தேய்க்கும்போது முகக்கவசம் அவசியம்.

பெயிண்ட் கடையில் போய் ‘அடுப்படிக் கப்போர்டுக்கு அடிக்கணும்ணே’ என்றால் பெரும்பாலும் வுட் பிரைமரை எடுத்துக் கொடுப்பார்கள். கப்போர்டு மரம்தானே என்ற நினைப்பு. அந்த பிரைமர் மர நாருக்குள் இறங்குவதற்காகச் செய்யப்பட்டது. இங்கே இறங்க நார் ஏது? நாம் அடிக்கப்போவது மரத்தின் மேல் இல்லை, பிளாஸ்டிக்கின் மேல். இரண்டு டப்பாவாக வரும் எப்பாக்ஸி பிரைமரைக் கேளுங்கள். உடைந்த சாமானை ஒட்டும் அரால்டைட்டின் சொந்தக்காரன் அது. எப்பாக்ஸி மூலக்கூறில் உள்ள ஹைட்ராக்சில் தொகுதிகள், மெலமினில் உள்ள நைட்ரஜன் தொகுதிகளோடு ஹைட்ரஜன் பிணைப்பு போட முடியும். கீறலில் கிடைக்கும் பிடிப்போடு இதுவும் சேர்ந்தால் கதவு நம் வசம்.

ஆனால் எப்பாக்ஸியும் கரிசல்காட்டு வெயிலும் சேரும்போது கவனம் வேண்டும். கலந்த நிமிடத்திலிருந்தே அது இறுகத் தொடங்கும், இறுகும்போது தானே சூடாகும், சூடானால் இன்னும் வேகமாக இறுகும். வெப்பம் 10 டிகிரி ஏறினால் கையில் இருக்கும் நேரம் பாதியாகிவிடும் என்பது தொழிலில் புழங்கும் கணக்கு. கத்திரி வெயிலில் ஒரு வாளி கலந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனால், திரும்பி வரும்போது பிரஷ் நட்டுவைத்த கம்பாக நிற்கும். ஒரு கதவுக்கு வேண்டியதை மட்டும், அகலமான தட்டில் கலப்பது நல்லது.

அதன்மேல் என்ன அடிக்கலாம்? எண்ணெய் எனாமல் மலிவு, எங்கும் கிடைக்கும், அடிக்க எளிது. ஆனால் வெள்ளை அடுப்படி வேண்டும் என்பவர்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். அது காயும் அதே ஆக்சிஜன் வினை ஓய்வதே இல்லை, மஞ்சள் நிறப் பொருள்களை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். வெளிச்சம் படும் இடத்தில் அந்த மஞ்சள் வெளுக்கும், வெளிச்சம் வராத அடுப்படி மூலையில் தங்கிவிடும். தண்ணீரில் கரைக்கும் அக்ரிலிக் எனாமலுக்கு அந்தக் குறை இல்லை. இன்னும் உறுதி வேண்டுமென்றால் இரண்டு பாகமாக வரும் பாலியூரித்தேன். அதன் கடினம் வேறு எதற்கும் வராது. ஆனால் அதிலுள்ள ஐசோசயனேட் நுரையீரலுக்கு ஆகாது, ஆஸ்துமாவையே வரவழைக்கும். மூடிய அடுப்படியில் ஸ்ப்ரே செய்வதை வீட்டு வேலையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கதவைக் கழற்றிப் பட்டறைக்குக் கொடுத்துவிடலாம்.

அடர்ந்த பழுப்பு டிசைனை இரண்டே கோட்டில் மறைப்பது வெள்ளை நிறமியான டைட்டானியம் டை ஆக்சைடு. ஒளியை வளைக்கும் திறன் பிசினுக்கு 1.5, சுண்ணாம்புத் தூளுக்கு 1.6, இதற்கோ 2.7. இடைவெளி பெரிதாக இருப்பதால் உள்ளே நுழையும் ஒளியைச் சிதறடித்து வெளியே அனுப்பிவிடும். விலை குறைந்த பெயிண்டில் சுண்ணாம்புத் தூள் கூடுதலாக இருந்தால், ஈரத்தில் மறைப்பதும் காய்ந்தபின் மறைப்பதும் ஒன்றாக இருக்காது, கோட்டும் கூடுதலாக வேண்டியிருக்கும். இந்த நிறமிக்கு மூலமான இல்மனைட் நம் தென்கோடிக் கடற்கரை மணலில், மணவாளக்குறிச்சிப் பக்கம் கறுப்பாக ஒதுங்கிக் கிடப்பதுதான். கறுப்பு மணலிலிருந்து வெள்ளைக்கு வெள்ளையான பொடி!

டப்பாவில் ஈயம் இல்லை என்று போட்டிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டு பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக் கூடாது என்ற மத்திய அரசின் விதி 2016-இல் வந்து, 2017 நவம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. மைக்காவின் மேல் யாரோ அதற்கு முன்பே பழைய எனாமல் அடித்திருந்தால், அதை உலர் தாளால் தேய்த்துத் தூசி கிளப்ப வேண்டாம். ஈரத் தாள்தான் சரி.

எந்த மாதத்தில் அடிப்பது? ஆனி, ஆடியில் வேண்டவே வேண்டாம். கயத்தாறு காற்றாலைகளைச் சுழற்றும் அந்த மேல்காற்று, வழியெல்லாம் கரிசல் புழுதியை அள்ளிக்கொண்டு வரும். கரிசல் மண்ணின் களித்துகள் 2 மைக்ரானுக்கும் சிறியது. 2 மைக்ரான் துகள் ஒன்று நொடிக்கு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குதான் கீழிறங்கும். கூரையிலிருந்து தரைக்கு வர இரண்டு மணி நேரத்துக்கு மேலாகும். பெயிண்ட் அடிக்கும் முன் கூட்டிவிட்டு உடனே பிரஷ்ஷை எடுப்பவர்கள், கிளப்பிய தூசியைக் கதவில் இறக்கிக்கொள்கிறார்கள். முதல் நாள் இரவே ஈரத் துணியால் தரையைத் துடைத்து, மின்விசிறியை நிறுத்தி வைத்துவிட்டு, காலையில் அடிக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து பனி பிடித்து, பளபளப்பு மங்கும். தை, மாசியே தோது.

கோட் மெல்லியதாக இருக்கட்டும். தடிமனாக அடித்தால் எனாமலின் மேல்தோல் வெயிலில் சட்டென்று இறுகி, அடியில் ஈரம் நின்று, தோல் சுருங்கிச் சுருக்கம் விழும். சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடுக்கைப் பட்டி வைத்து மூடி பெயிண்ட் அடிக்கும் பழக்கமும் இங்கே சரிப்படாது. கரிசல் மண் மழையில் உப்பிக் கோடையில் பிளக்கும், கூடவே சுவரும் அசையும். வளைந்து கொடுக்கும் அக்ரிலிக் சீலன்ட்தான் அந்த இடத்துக்கு.

இவ்வளவையும் எல்லாக் கதவுக்கும் செய்வதற்கு முன், தொட்டிக்குக் கீழே உள்ள ஒரு கதவின் உள்பக்கத்தில் மட்டும் செய்து பாருங்கள். ஒரு வாரம் காய்ந்ததும் பிளேடால் இரண்டு மில்லிமீட்டர் இடைவெளியில் ஆறு கோடு, குறுக்கே ஆறு கோடு. மேலே நல்ல டேப்பை அழுத்தி ஒட்டி, ஒரே இழுப்பாக உரியுங்கள். ஆலைகளில் ஐ.எஸ்.ஓ. 2409, ஏ.எஸ்.டி.எம். டி3359 என்ற தரமுறைகளின்படி செய்யும் சோதனையின் வீட்டு வடிவம் இது. கட்டம் எதுவும் வரவில்லை என்றால் மற்றக் கதவுகளைத் தொடங்கலாம். மேல் பெயிண்ட் மட்டும் வந்து பிரைமர் நின்றால், பிரைமரை அளவுக்கு மீறிக் காயவிட்டு அடித்திருக்கிறீர்கள். எப்பாக்ஸி முழுதாக இறுகிவிட்டால் அதுவே வழுக்கும், லேசாக ஒருமுறை தேய்த்துவிட்டு அடியுங்கள். பிரைமரோடு சேர்ந்து மொத்தமாக வந்தால் பின்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். வழவழப்பாக இருந்தால் சோடா வேலை போதவில்லை. தட்டிப் பார்க்கும்போது ஷீட்டே பலகையிலிருந்து விட்டு, உள்ளே பொள்ளென்று சத்தம் வருகிறதா? அந்தக் கதவில் பெயிண்டுக்கு வேலையே இல்லை. புது ஷீட் ஒட்ட ஆசாரியைக் கூப்பிட்டுவிடுவதுதான் மலிவு.